அடிக்க மறுத்த கை

நம் மேசையின்மீது ஒரு வானொலிப் பெட்டி இருக்கிறது. மர்பி கம்பெனியார் செய்த பழைய வால்வுப் பெட்டி. மெருகு மங்கிய மரச்சட்டம், துணி போர்த்திய முகம், நிலையங்களைக் காட்டும் கண்ணாடிப் பட்டை, நடுவே பச்சையாய் ஒளிரும் ஒரு சிறு கண். அறுபது ஆண்டுகள் கடந்த பொருள். காயலான் கடைக்குப் போட்டால் ஒரு வேளைச் சிற்றுண்டி விலைகூடப் பெறாது. ஆயினும், இதனை நாம் தோளிலே சுமந்து ஊர்த்தெரு வழியே நடந்து வந்த அன்று, திண்ணைகளிலே சாய்ந்து கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள்! பெட்டியைப் பார்த்தவர்கள் சிலர். அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்தவர்களே பலர். சேரியிலிருந்து ஊருக்குள் எதுதான் வரவில்லை? நாற்று நடும் கை அங்கிருந்து வருகிறது. களத்து நெல் அந்தத் தலைகளின்மீது வருகிறது. அவற்றைக் கண்டு எவரும் எழுந்து உட்கார்வதில்லை. இந்தப் பெட்டி மட்டும் ஏன் உறுத்திற்று?

காரணம் உண்டு. மேலாகப் பார்த்தால் பதினைந்து ஆண்டுக் காரணம்; துருவிப் பார்த்தால் நாற்பது ஆண்டுக் காரணம்.

இதனைப் பழுது பார்த்து வைத்திருந்தவர் 2023ஆம் ஆண்டு, ஐப்பசி அடைமழையில், தம் 80ஆம் அகவையில் மறைந்தார். ஊரார் அவரை ‘மிலிட்டரி’ என்றனர். அவருடைய மக்கள் ‘பட்டாளத்தார்’ என்றனர். நாம் ‘தாத்தா’ என்றோம். இந்த மூன்றாவது பெயர் நமக்கு எளிதாக வாய்க்கவில்லை. லால்குடிக்கு வடக்கே, வாய்க்கால் பாயும் நம் சிற்றூரில், ஊர்த்தெருவின் அரும்பு மீசை முளைக்காத சிறுவனும் சேரியின் நரைத்த கிழவரைப் பெயர் சொல்லி அழைப்பான். ‘வா, போ’ என்பான். அந்தக் கிழவரோ அவனைச் ‘சின்னய்யா’ என்பார். இதற்கு ‘முறை’ என்று பெயர்! முறைகேட்டுக்கு முறை என்று பெயர் வைப்பதிலே நம் முன்னோர் வல்லவர்கள்.

2008ஆம் ஆண்டு. நமக்குப் பதினோரு வயது. நம் பாட்டனாரின் பெட்டி திடீரென்று ஊமையாயிற்று. நகரத்துக் கடைக்காரர்கள் வால்வு என்ற சொல்லைக் கேட்டதுமே கையை விரித்தனர். பண்ணையாள் ஒருவர் அதனைச் சைக்கிளில் வைத்துக்கட்டிச் சேரிக்குக் கொண்டுபோனார். ஒரு வாரம் கழித்து, “ஆயிற்றா என்று கேட்டுவா” என நம்மை அனுப்பினார்கள். ஓட்டுவீட்டுத் தாழ்வாரத்திலே, தேய்த்த வெள்ளைச் சட்டையும் காக்கிக் காற்சட்டையுமாய் ஒருவர் அமர்ந்திருந்தார். ஈயம் உருகும் புகை எழுந்துகொண்டிருந்தது.

“வா தம்பி, உக்காரு” என்றார்.

தம்பி! சின்னய்யா அல்ல, தம்பி. நமக்குத் திகைப்பு. “மிலிட்டரி, பெட்டி ஆயிடுச்சா?” என்றோம், ஊரிலே கேட்ட பெயரை வைத்துக்கொண்டு. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “மிலிட்டரின்னா பன்னெண்டு லட்சம் பேரு இருக்காங்க தம்பி. நீ அதுல யாரைக் கேக்குற?”

விழித்தோம். ‘தாத்தா’ என்னும் சொல் எப்படியோ வாயிலிருந்து வந்து விழுந்தது. அவர் ஒன்றும் நடவாதது போல ஒரு குமிழைத் திருகினார். சில நொடிகள் ஓசை இல்லை. வால்வுகள் சூடேற வேண்டுமல்லவா? பிறகு பச்சைக் கண் திறந்தது. திருச்சி வானொலி பாடியது. காகிதக் கண்டென்சர் ஒன்று கசிந்து, கடைசி வால்வைக் கெடுத்திருந்ததாம். மாற்று வால்வைச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து தருவித்திருந்தார்.

“பெட்டி பாடுது. ஆனா உன்கிட்டக் குடுக்க மாட்டேன். உங்க தாத்தாவை வந்து வாங்கிட்டுப் போகச் சொல்லு. காசு வேணாம். அவரு வந்தாப் போதும்.”

வீட்டுக்கு வந்து சொன்னோம். பாட்டனார் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். “அங்கேயே கிடக்கட்டும்” என்றார். அந்த வாரமே நகரத்திலிருந்து ஒரு டிரான்சிஸ்டர் வந்தது. ஏன் என்று கேட்டால் எவரும் விடை சொல்லவில்லை. நம் கால்கள் மட்டும் மாலைதோறும் அந்தத் தாழ்வாரத்தை நோக்கி நடக்கத் தொடங்கின. வீடு திரும்பியதும் தாயார் நம்மைக் கிணற்றடியிலேயே நிறுத்திக் குளிக்க வைத்தார்; மார்கழிக் குளிரிலும் குளித்தோம். குளியலுக்கு அஞ்சிப் பாட்டை விடுவதா?

பகுத்தறிவு என்னும் சொல்லை அவர் வாயால் நாம் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் அதனை நாம் கற்றது அந்தத் தாழ்வாரத்திலேதான். பொழுது சாய்ந்தால் பேய் வரும் என்று நம் வீட்டிலே சொன்னார்கள். அவர் வீட்டிலே, பொழுது சாய்ந்தால் பெய்ஜிங் வந்தது! 1963இல் தொடங்கிய சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு வந்தது. கொழும்பு வந்தது, மணிலாவிலிருந்து வேரித்தாஸ் வந்தது, இலண்டனிலிருந்து தமிழோசை வந்தது. “பகலிலே வராத இலண்டன் இரவிலே ஏன் வருகிறது?” என்று கேட்டோம். “நல்ல கேள்வி. பதில் ஆகாயத்துல இருக்கு, ஆனா சாமிகிட்ட இல்ல” என்று தொடங்கினார்.

கதிரவன் ஒளி உயர்ந்த வானத்துக் காற்றைத் தாக்கி மின்னேற்றுகிறது. அங்கே அடுக்கடுக்காய் மின்படலங்கள் உண்டாகின்றன. எல்லாவற்றிலும் தாழ்ந்த அடுக்கு, பகலிலே மட்டும் வாழ்வது. நீளம் மிகுந்த சிற்றலைகளை அது விழுங்கிவிடும். கதிரவன் சாய்ந்ததும் அந்த அடுக்குக் கரைகிறது. அலைகள் தடையின்றி மேலேறி, இருநூறு முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அடுக்கிலே வளைந்து, கடல்களுக்கு அப்பால் தரையிறங்குகின்றன. ஆகவே 19 மீட்டர் வரிசை பகலுக்கு. 41, 49 மீட்டர் வரிசைகள் இரவுக்கு. சொன்னதோடு விட்டாரா? கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கையிலே கொடுத்து, ஒரு திங்கள் முழுதும் மணிவாரியாகக் கேட்டுக் குறித்துவரச் செய்தார். “நான் சொன்னேன்னு நம்பாதே. உன் காது சொல்லட்டும்.” இன்று நாம் வகுப்பறையிலே மாணவரிடம் இதையேதான் சொல்லுகிறோம், யாரிடமிருந்து வாங்கியது என்று மட்டும் சொல்வதில்லை. இனிச் சொல்லவேண்டும்.

சிற்றலை கேட்போருக்கு ஒரு வழக்கம் உண்டு. கேட்ட நிலையத்துக்கு, கேட்ட நாள், நேரம், தரம் ஆகியவற்றை எழுதி அனுப்புவர். நிலையத்தார் படம் போட்ட அட்டை ஒன்றைச் சான்றாக அனுப்புவர். தரத்தைக் குறிக்க ஐந்து இலக்கம்: ஒலியின் வலிமை, குறுக்கீடு, இரைச்சல், அலையின் ஏற்றத்தாழ்வு, மொத்த மதிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை. ஐந்தும் ஐந்தானால் அப்பழுக்கற்ற ஒலி. பட்டாளத்தாரிடம் இரண்டு தகரப்பெட்டி நிறைய அட்டைகள் இருந்தன. வானொலிக்குத் தந்த இலக்கங்களை அவர் மனிதருக்கும் தருவார். ஊருக்கு ஓட்டுக் கேட்க வந்த ஒருவர் ஒலிபெருக்கியிலே முழங்கிச் சென்ற பிறகு, “அஞ்சு, ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு” என்றார். வலிமை மட்டும் உண்டு என்று பொருள்!

இனி அவருடைய இசைக்கு வருவோம்.

அவர் தந்தை பறை இசைப்பவர். வேப்பமரச் சட்டத்திலே தோலை இழுத்துக் கட்டி, வைக்கோல் தீயிலே காய்ச்சி, ஒரு கையிலே தடித்த குச்சியும் மறு கையிலே மெல்லிய நீண்ட மூங்கிற்குச்சியுமாய் அவர் நின்றால், நடவாத காலும் நடக்கும் என்பார்கள். ஆனால் ஊர் அதனை இசை என்று அழைக்கவில்லை. வேலை என்றது, கூலி கேட்கத் தகாத வேலை. ஊரிலே சாவு என்றால் சொல்லியனுப்புவார்கள், போக வேண்டும். காய்ச்சலா? போக வேண்டும். தன் வீட்டிலே மணமா? போக வேண்டும்.

1963ஆம் ஆண்டு, சீனப்போருக்குப் பின் படைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், மகன் நீலகிரிக்கு ஓடினார். வெல்லிங்டனிலே மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தார். தகப்பன் தொழில் என்ன என்று கேட்டார்களாம். தலைகுனிந்து, பறை என்றாராம். கேட்டவர், ‘தாளம் அறிந்தவன்’ என்று எழுதி பாண்டு வாத்தியப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். ஊரிலே இழிவென்று எழுதப்பட்டது, அங்கே தகுதியென்று எழுதப்பட்டது! மேளத்தைக் கொடுத்தார்கள். “தோல் வேண்டாம் சார், குழல் கொடுங்கள்” என்றாராம். கிளாரினெட் கொடுத்தார்கள். மத்தியப் பிரதேசத்துப் பச்மடியிலே, படை இசைஞருக்கான பள்ளியிலே, ஐந்து கோட்டு இசைக்குறிப்பையும் கற்றார்.

அந்தக் கருங்குழலை அவர் பிரித்துப் பூட்டுவதே ஒரு காட்சி. நாதசுரத்துக்கு இரட்டைச் சீவாளி, கிளாரினெட்டுக்கு ஒற்றை நாக்கு. நாதசுரத்தின் உடல் கூம்பு. அழுத்தி ஊதினால் ஒலி அதே சுரத்தின் மேல்தாயிக்குப் போகும். கிளாரினெட்டின் உடல் நேர்க்குழாய். அழுத்தி ஊதினால் மேல்தாயியையும் தாண்டிப் பஞ்சமத்திலே போய் நிற்கும். “அதனாலதான் நம்ம பாட்டை இதுல வாசிக்கிறவங்க விரலை ஒடிச்சுக்கிறாங்க” என்பார். திருச்சி ஏ.கே.சி. நடராசன் அவர்களின் வாசிப்பு வானொலியில் வரும் நாளில், தாழ்வாரத்திலே யாரும் இருமக்கூடாது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வந்தபோது, தமக்கே வந்ததுபோல நமக்கெல்லாம் வறுக்கி வாங்கித் தந்தார்.

படைப்பிரிவின் சின்னத்திலே ஒரு வடமொழித் தொடர் உண்டு. தன் கடமையிலே மடிவது மேலானது என்னும் கருத்துடையது, கீதையிலிருந்து எடுத்தது. நாம் வரலாறு பயின்ற காலத்தில் அதனைப்பற்றி அவரிடம் கேட்டோம். சிரித்தார். “பட்டாளத்துல அதுக்கு அர்த்தம், காவலை விட்டு ஓடாதேன்னு. சரிதான், ஓடலை. ஊர்ல அதே பேச்சுக்கு அர்த்தம், உங்கப்பன் அடிச்சதை நீயும் அடின்னு. அதுக்குத்தான் ஓடினேன்.” கீதைக்கு எழுதப்பட்ட உரைகள் பல, இந்த உரையை எந்தப் பண்டிதரும் எழுதவில்லை.

1971 டிசம்பர்ப் போரைப்பற்றி அவர் மிகுதியாகப் பேசியதில்லை. தொலைக்காட்சியிலே போர்ப்படம் ஓடினால் எழுந்து போய்விடுவார். போர் வந்தால் இசைஞர்கள் வாத்தியங்களைப் பெட்டியிலே பூட்டிவிட்டு, காயம்பட்டவரைச் சுமக்கும் தூக்குக்கட்டிலைத் தூக்கவேண்டும், அதுதான் விதி. கிழக்கு எல்லையிலே அவர் தூக்கினார். நாம் வற்புறுத்திக் கேட்டபோது ஒன்றே ஒன்று சொன்னார்: “தண்ணி தண்ணிம்பாங்க தம்பி. என் பாட்டில்லேர்ந்து குடுப்பேன். ஒருத்தனும் என் கையை யாரு கைன்னு பாக்கலை.” அந்தக் கை 1980இல் ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியது. ஊர்த் தேநீர்க்கடையிலே அதற்கென்று தனியே ஒரு குவளை ஆணியிலே தொங்கியது.

இதுவரை நாம் சொன்னவை அவரே சொன்னவை. சொல்லாமல் விட்டதை 2013ஆம் ஆண்டு, நம் பதினாறாம் வயதில், பாட்டியார் வாயால் கேட்டோம்.

1981ஆம் ஆண்டு ஊரிலே ஒரு பண்ணைக்காரர் இறந்தார். பறைக்கு ஆள் வரவில்லை. அவர் தந்தை படுத்த படுக்கை. மூத்த மகன்தான் போகவேண்டும் என்பது முறை. சேரிக்கு மூவர் போனார்கள். பட்டாளத்தார் வாசலில் நின்று சொன்னாராம்: “ஐயா, காயம்பட்டவனையும் தூக்கினேன், செத்தவனையும் தூக்கினேன். பாடைக்குத் தோள் குடுக்கச் சொல்லுங்க, வர்றேன். அடிக்க மாட்டேன்.”

தோழர்களே, இங்கே சற்று நில்லுங்கள். அவர் தோள் தங்கள் பிணத்தின்மீது படக்கூடாது. அவர் கை மட்டும் தங்கள் பிணத்தின் முன்னே அடிக்கவேண்டும்! இது என்ன கணக்கு? எந்தக் கல்லூரியிலும் நமக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தரவில்லை.

அறுவடைக்கு வெளியூர் ஆட்கள் வந்தார்கள். சேரிக்குக் கடையிலே உப்பும் இல்லை என்றார்கள். ஆடு மாடு வரப்பிலே கால் வைக்கக் கூடாது என்றார்கள். நாற்பது குடும்பங்கள், நான்கு திங்கள். பட்டாளத்தார் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை அரிசியாக்கி லால்குடியிலிருந்து கொண்டுவந்து பங்கிட்டார். பணம் தீர்ந்தது. அவருடைய மக்களே அவரைக் கேட்டனர்: “உனக்கு மாசம் பொறந்தா பென்சன் வரும். எங்களுக்கு?” நான்காம் திங்களில் ஊரிலே இன்னொரு சாவு. அவருடைய தம்பி, பச்சைக் குழந்தைகள் மூன்று பேரின் தகப்பன், ஆணியிலிருந்து பறையை எடுத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தார். மறுநாள் கடை திறந்தது.

சேரிக்குப் போன அந்த மூவரில் ஒருவர், நம் பாட்டனார்.

நம் பாட்டனார் கொடியவர் அல்லர். அதுதான் நம்மை இன்றுவரை அலைக்கழிக்கிறது. பசித்து வந்தவருக்குச் சோறு போடாமல் அனுப்பாதவர். பொய்க் கையெழுத்துப் போடாதவர். நம்மைத் தோளிலே சுமந்து திருவிழாக் காட்டியவர். கொடியவன் செய்யும் கொடுமையை எதிர்ப்பது எளிது. நல்லவர், நல்லவராக இருந்துகொண்டே, நாற்பது அடுப்புகளை அணைக்கிறாரே, அதனை என்னவென்பது?

அன்று மாலை தாழ்வாரத்துக்குப் போனோம். வாய் திறக்க முடியவில்லை. அவர் ஏறிட்டுப் பார்த்தார். “பாட்டி சொல்லிட்டாங்களா?” என்றார். “நீங்கள் என்னை ஏன் உள்ளே விட்டீர்கள்?” என்று கேட்டோம். “நீ மொத நாளு படியேறும்போதே தெரியும் தம்பி, யாரு பேரன்னு. அந்த மூக்கை மறக்க முடியுமா? பெட்டிதான் ரிப்பேரு, நீ என்ன செஞ்ச?” சற்று நேரம் கழித்து, தாமாகவே சொன்னார்: “என் ஆளுங்க கேட்டாங்க பாரு, உனக்குப் பென்சன் வரும், எங்களுக்குன்னு. அதுக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்ல.”

அண்ணனும் தம்பியும் பதினெட்டு ஆண்டுகள் பேசிக்கொள்ளவில்லை. 1999இல் தம்பி இறந்தார். அன்று இரவு அண்ணன் அந்தப் பறையை எடுத்துத் தீயிலே காய்ச்சினார். விடியும் மட்டும் அடித்தார். ஏவியவர் எவரும் இல்லை. கூலி தருவார் எவரும் இல்லை. தம்பியின் கைதான் தம் கையைவிடத் தேர்ந்த கை என்று நம்மிடம் பலமுறை சொல்லியிருக்கிறார், “அவன் அடிச்சா அது பேசும். நான் அடிச்சா கணக்குச் சொல்லும்.” அதன்பிறகு பறை தாழ்வாரத்துக்கு வந்தது. 1990களிலேயே நகரத்து மேடைகளில் பறை ஏறத் தொடங்கியிருந்தது. விரும்பிக் கேட்டவர்க்கெல்லாம் மாலையில் அதனைச் சொல்லித் தந்தார். சேரிப் பெண்பிள்ளைகள் கற்றார்கள். ஊர்த்தெருப் பையன்கள் இருவர், வீட்டுக்குத் தெரியாமல், வந்து கற்றார்கள்.

கல்லூரியிலே படித்த செருக்கில் நாம் ஒருநாள், தொல்காப்பியர் நிலந்தோறும் பறையைக் கருப்பொருளாக வைத்திருக்கிறார், புறநானூற்று 335ஆம் பாட்டிலே பறையன் என்பது சிறந்த குடிகளுள் ஒன்றாக நிற்கிறது என்றெல்லாம் அடுக்கினோம். பொறுமையாகக் கேட்டார். “அப்போ நல்ல பேராத்தான் இருந்திருக்கு. யாரு கெடுத்தாங்கன்னு எழுதியிருக்கா?” என்றார். நாம் அடுக்கியதை நிறுத்திக்கொண்டோம்.

2014இல் நம் பாட்டனார் நோயுற்றார். இறுதி நாட்களில் ஒருமுறை நம்மை அருகழைத்து, “அந்தப் பெட்டி பாடுதா?” என்று கேட்டார். பாடுகிறது என்றோம். சுவர்ப்பக்கமாய்த் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் இறந்த அன்று, தேய்த்த சட்டையும் பதக்கங்களுமாய்ப் பட்டாளத்தார் ஊர்த்தெரு வழியே நடந்துவந்து, மாலையை வைத்து, நிமிர்ந்து ஒரு சல்யூட் அடித்துவிட்டுத் திரும்பிப் போனார். தடுக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றுமுன் போய்விட்டார். பின்னர்க் கேட்டோம். “அவரு வரமாட்டாருன்னு தெரிஞ்சு போச்சு. யாராச்சும் ஒருத்தர் போகணுமில்ல?” என்றார். அப்படியானால் பெட்டி? “அது வேற கணக்கு. அதை மறக்க மாட்டேன். நீ சம்பாதிக்கிற ஆளானதும் வந்து எடுத்துக்க. ராத்திரியில கூடாது. பட்டப்பகல்ல, தெரு வழியா.”

சிற்றலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. 1941இல் தொடங்கிய இலண்டன் தமிழோசை வானொலி, 2017 ஏப்ரல் 30ஆம் நாளோடு நின்றது. அன்று இரவு அந்த மர்பிப் பெட்டியிலேதான் இருவரும் கேட்டோம். இரைச்சல் மிகுதி, குரல் அலையலையாய் மங்கிற்று. முடிந்ததும் அவர் அட்டையை எடுத்து இலக்கமிட்டார்: ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து. நமக்குத் தெரிந்து அவர் எழுதிய ஒரே பொய்.

மற்றொரு பாட்டும் அவருக்கு உயிர். ‘அபைட் வித் மி’ என்னும் ஆங்கிலக் கிறித்தவப் பாட்டு. தில்லியிலே சனவரி 29ஆம் நாள் மாலை, படைகளின் இசைக்குழுக்கள் ஆண்டுதோறும் அதனை வாசித்துவந்தன, 2022இல் நீக்கிவிட்டார்கள். கடவுளை நம்பாத மனிதருக்குக் கடவுளைக் கூப்பிடும் பாட்டு எதற்கு என்று கேட்டோம். “பாட்டு கடவுளைக் கூப்பிடுது. மெட்டு மனுசனைக் கூப்பிடுது” என்றார். அந்த மெட்டை மட்டும் நமக்குக் கிளாரினெட்டில் கற்றுத் தந்தார். நமக்கு விரல் வளையாது. மூன்று ஆண்டுகளில் அது ஒன்றுதான் தேறிற்று.

மருத்துவமனையில் கடைசியாய்ப் பார்த்தபோது ஓர் அட்டையைத் தந்தார். தம் உடல்நிலைக்குத் தாமே இலக்கமிட்டிருந்தார்: இரண்டு, நான்கு, மூன்று, இரண்டு, இரண்டு. கீழே நடுங்கும் எழுத்தில்: “நிலையம் ஒலிபரப்பை விரைவில் நிறுத்தும். பதில் அட்டை வேண்டாம். சடங்கு வேண்டாம். அடிக்க விரும்புகிறவர் அடிக்கட்டும். விரும்பாதவர் டீ குடிக்கட்டும்.”

பதினான்கு பேர் அடிக்க வந்தார்கள். அவர்களில் ஐவர் பெண்கள். மழையோ விடவில்லை. தோலெல்லாம் ஊறித் தொய்ந்து, அடித்தால் பொத்துப் பொத்தென்றது. வைக்கோல் பற்றவில்லை. பையன் ஒருவன் பறைகளை அள்ளிக்கொண்டு தேநீர்க்கடைக்கு ஓடினான். ஒரு காலத்தில் ஆணியிலே குவளை தொங்கிய அதே கடை. கடைக்காரரின் மகன் பாலை இறக்கி வைத்துவிட்டு, கேஸ் அடுப்பின்மேல் ஒவ்வொன்றாய்ப் பிடித்துக் காய்ச்சிக் கொடுத்தான். நாம் அந்த மெட்டை வாசித்தோம். இரண்டு இடத்தில் உடைந்தது. நாக்கு ஈரம் என்று பிறரிடம் சொன்னோம். நம் தாயார் குடையோடு வந்து பெண்களின் நடுவே அமர்ந்தார். தந்தையார் வரவில்லை. தோள் கொடுத்தவருள் நாமும் ஒருவர்.

மூன்றாம் நாள் மழை விட்டது. நண்பகலிலே பெட்டியைத் தோளில் ஏற்றினோம். ஊர்த்தெரு எழுந்து உட்கார்ந்ததை முன்னரே சொன்னோம். வீட்டுக் கூடத்திலே மேசைமீது வைத்தோம். தந்தையார் செய்தித்தாளைத் தாழ்த்தவேயில்லை. தாயார் மட்டும் ஈரத்துணியால் தூசு துடைத்தார். நாம் மின்விசையைப் போட்டு, 41 மீட்டர் வரிசையிலே முள்ளை நிறுத்தினோம். பச்சைக் கண் திறந்தது. இரைச்சல் தவிர வேறொன்றும் இல்லை. அப்படியே விட்டுவிட்டு மறுநாள் பள்ளிக்குப் போனோம்.

மாலையில் திரும்பியபோது பெட்டி இளஞ்சூடாக இருந்தது. முள் நாம் வைத்த இடத்தில் இல்லை. மத்திய அலைவரிசைக்கு மாறி, திருச்சி நிலையம் வரும் இடத்திலே நின்றிருந்தது. தாயாரைப் பார்த்தோம். அவர் கூடத்திலே காலியாய்க் கிடந்த தந்தையாரின் நாற்காலியைப் பார்த்தார். அது மேசையருகே நகர்ந்திருந்தது.